செரோக்கி எழுத்தின் தலைகீழ் நெறி: ஒரு குறியேற்ற முடிவின் நியாயம்

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டைப் பாராமல் கணினி இரு சொற்களை ஒப்பிடும்போது, பெரியதைச் சிறியதாக்கிப் பார்ப்பதே ஒருங்குறியின் (யூனிகோட்) பொது நெறி. உரோமன், கிரேக்கம், சிரிலிக் எல்லாம் இதற்குள் அடங்கும். செரோக்கியில் மட்டும் சிறியதே பெரியதாக மாற்றப்படுகிறது. இதைக் குறியேற்றத்தில் நேர்ந்த பிழை என எண்ணத் தோன்றும். பிழையன்று, செரோக்கி வாசகருக்கு மிகக் குறைந்த இடையூறு தந்த வழி இதுவே என்பது என் வாதம்.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத செரோக்கி இனத்தவரான செக்வோயா 1820களின் தொடக்கத்தில் தம் மொழிக்கு அசையெழுத்து முறையை உருவாக்கி முடித்தார். 1828இல் ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவிலிருந்து ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழ் வெளிவரத் தொடங்கியது. உரோமன் ‘டி’ போன்ற வடிவம் அந்த அசையெழுத்தில் ‘அ’. ‘டபிள்யூ’ போன்றது ‘ல’. தோற்றம் ஒத்தாலும் எழுத்து வேறு என்பதால் இவற்றுக்கு ஒருங்குறி தனிக் குறியெண் தந்தது சரியே. 1999இல் வந்த ஒருங்குறி 3.0, 85 எழுத்துகளைப் பெரிது சிறிது என்ற பிரிவே இல்லாதவையாகச் சேர்த்தது. சமகால வழக்கை மட்டும் நோக்கினால் அதில் குறையில்லை. ஆனால் 1860இல் அச்சான செரோக்கிப் புதிய ஏற்பாடு, வாக்கியத் தொடக்கத்திலும் பெயர்களிலும் அதே வடிவங்களைப் பெரிய அளவில் இட்டிருந்தது. அச்சு வரலாற்றை முதலிலேயே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எழுத்துக் குறியேற்ற வல்லுநர் மைக்கேல் எவர்சனும் செரோக்கி மொழியறிஞர் டர்பின் ஃபீலிங்கும் அளித்த முன்மொழிவையடுத்து, 2015இல் ஒருங்குறி 8.0 சிறிய எழுத்துகளை ஏற்றது. வழக்கொழிந்த ஓர் எழுத்தும் சேர, வகைக்கு 86 ஆயின. செரோக்கிக்கு ஒதுக்கிய பழைய குறியெண் தொகுதியில் இடம் போதவில்லை. ஆறு சிறிய எழுத்துகள் அங்கே அமர்ந்தன. மற்ற 80 வேறொரு தொகுதிக்குப் போயின. இனப்பெயரான ‘ட்சலாகி’யின் மூன்று எழுத்துகள் பதின்ம எண்ணில் 5091, 5043, 5033. இவற்றின் சிறிய வடிவங்கள் 43955, 43907, 43897. இடைவெளி ஒவ்வொன்றிலும் 38864. அந்த ஆறு எழுத்துகளுக்கோ இடைவெளி வெறும் 8.

முன்பே இருந்த எழுத்துகளைச் சிறியவை என்று அறிவித்துவிட்டுப் பெரியவற்றைப் புதிதாகச் சேர்த்திருக்கலாமே என்ற கேள்வி வலுவானது. 2018இல் ஜார்ஜிய எழுத்துக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒப்பீட்டு நெறியும் தலைகீழாகவில்லை. ஆனால் செரோக்கி எழுத்துருக்கள் அதற்குள் இந்த எழுத்துகளைப் பெரிய எழுத்தின் உயரத்தில் வரைந்திருந்தன. அவற்றைச் சிறியவை என்றிருந்தால் எல்லா எழுத்துருக்களையும் திருத்த வேண்டியிருக்கும். இல்லையேல் புதிய பெரிய எழுத்துக்கும் பழையதற்கும் உயரத்தில் வேறுபாடே தெரியாது. நிரலின் ஒழுங்குக்காக ஒரு சிறு மொழிச் சமூகம் தன் எழுத்துருக்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நியாயமாகாது.

பழையவை பெரியவை என்றானபின் ஒப்பீட்டு நெறி தலைகீழாவது தவிர்க்க முடியாதது. ஓர் எழுத்து ஒப்பீட்டில் எதுவாக மாறும் என்பதைப் பின்னாளில் மாற்றுவதில்லை என ஒருங்குறி உறுதி தந்திருக்கிறது; பிரிவு இல்லாதபோது மாறாமல் நின்ற பழைய எழுத்துகள் இனியும் அப்படியே நிற்க வேண்டும். 2010இல் தொகுத்த ஒரு சொல்லடைவில் ‘ட்சலாகி’ 5091 என்றே தொடங்கும். புதிய நிரல் அதை 43955 ஆக்கித் தேடினால், கண்முன் இருக்கும் சொல் கிடைக்காது.

ஆகவே இப்போது பொறுப்பு நிரல் எழுதுவோருடையது. ‘சிறிய எழுத்தாக்கு’ என்ற கட்டளையை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் பழக்கம் ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து வளர்ந்தது. அந்தக் கட்டளை செரோக்கிக் கோப்புப் பெயரைப் புதிய குறியெண்களுக்கு மாற்றிவிடும்; 2015க்கு முந்தைய எழுத்துரு மட்டுமே உள்ள கணினியில் அங்கே வெற்றுக் கட்டங்களே தெரியும். ஒப்பீட்டுக்கென ஒருங்குறி தனி அட்டவணை தந்திருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.