பழைய காருக்கு வெள்ளைக்கரை ரயர்: தெரிவு செய்வது எப்படி?

எங்கள் வாவிக்கரை வீட்டுக் கொட்டிலில் பெரியப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது. 1990இல் பெற்றோல் இல்லாததால் சைக்கிளில் வெளிக்கிட்டவர் திரும்பி வரவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது. பெரியம்மா விற்கச் சம்மதிக்கவில்லை. பேத்தியின் கலியாணத்துக்கு அதை ஓட வைக்கவேண்டும் என்று இந்த வருடம் கேட்டார். பெரியப்பா கலியாணங்களுக்கு ஓடிய காலத்துப் படமொன்றில் அந்தச் சில்லுகளுக்கு வெள்ளைக்கரை இருக்கிறது. அப்படியொரு ரயரைத் தேடியபோது அறிந்தவற்றை, பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இங்கே தருகிறேன்.

ஏன் வெள்ளை?

இயற்கை இறப்பர் வெளிர்நிறமானது. துத்தநாக ஒட்சைட்டு சேர்த்தபோது இன்னும் வெளுத்தது. பின்னர் தேய்மானத்தைக் குறைக்கக் கரித்தூள் கலந்தார்கள். முதலில் நிலத்தில் உருளும் பகுதி மட்டுமே கறுப்பானது, பக்கங்கள் வெள்ளையாகவே இருந்தன. வெள்ளைக்கரை அப்படித்தான் பிறந்தது. 1950களில் அகலமாக இருந்த கரை, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் மெல்லிய கோடாகச் சுருங்கியது. உங்கள் காரின் வருடத்தைப் பார்த்துக் கரையின் அகலத்தைத் தெரிவு செய்யுங்கள்.

அளவும் வகையும்

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்கு 14 அங்குலச் சில்லு. அக்காலக் குறுக்கிழை ரயரின் அளவு 5.00-14, பின்னர் 5.20-14. இன்று பலர் 145 அல்லது 155 அகல ரேடியல் போடுகிறார்கள். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்கக் கூடாது. முன்னுக்கு ரேடியலும் பின்னுக்குக் குறுக்கிழையும் போடுவதும் ஆபத்து, வளைவில் கார் பின்பக்கமாக இழுபடும். பழைய றிம்முக்கு ரியூப் போடுவதே பாதுகாப்பு. ரேடியல் என்றால் அதற்குரிய ரியூப்பைக் கேட்டு வாங்குங்கள்.

திகதி பார்க்காமல் வாங்காதீர்கள்

பக்கச்சுவரில் டி.ஓ.டி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் வருடத்தையும் காட்டும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முந்தியது. தேயாவிட்டாலும் பத்து வருடம் கடந்த ரயரில் ஓடாதீர்கள். எங்கள் காரின் ரயர்களில் பூ அழியவில்லை, ஆனால் பக்கமெல்லாம் வெடித்திருந்தது.

மலிவான வழிகள்

கறுப்பு ரயருக்கும் றிம்முக்கும் இடையில் செருகும் வெள்ளை வளையங்கள் விற்பனைக்கு உண்டு. உள்ளே மணல் புகுந்தால் அவை பக்கச்சுவரை உரசித் தேய்க்கும். எங்கள் கரையோர வீதிகளுக்கு அவை ஏற்றவையல்ல. சாதாரண வீட்டுப் பெயின்ற் வெயிலில் வெடித்து உதிரும். உண்மையான வெள்ளைக்கரையைச் சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவினால் போதும். பெற்றோல் தொட்டுத் துடைத்தால் இறப்பர் பழுதாகும்.

வெளிநாட்டு வெள்ளைக்கரையின் விலையைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். “அது பெயின்ற் மனே. ஒவ்வொரு கலியாணத்துக்கும் முதல்நாள் ராவு அவர்தான் அடிப்பார்.”

புதிய கறுப்பு ரேடியல் நான்கு வாங்கினோம். பழைய ரயர்களை எறிய எடுத்தபோது பெரியம்மா ஒன்றை மட்டும் விடவில்லை. கழுவிப் பார்த்தேன். வெடிப்புகளுக்கு நடுவில் பிரஷ் ஓடிய தடம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.