ஒலிநாடாவும் பாடபேதமும்

க்ரேட்ஃபுல் டெட் குழுவின் ஸ்டுடியோ இசைத்தட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு அவர்களை ஒதுக்கியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அத்தட்டுகளில் பலவும் சாதாரணம்தான். 1965-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கி, 1995 ஆகஸ்டில் ஜெர்ரி கார்ஸியாவின் மரணத்தோடு முடிந்த இக்குழு சுமார் 2300 கச்சேரிகள் நடத்தியது. அதன் சிருஷ்டி நிகழ்ந்தது அங்கே. அதன் சரித்திரத்தை எழுதியவர்களும் விமர்சகர்கள் அல்ல; மைக்கும் ஒலிப்பதிவுக் கருவியும் சுமந்து வந்த ரசிகர்கள்.

'டார்க் ஸ்டார்' ஒன்றைச் சொன்னால் போதும். 1968-இல் சிறு தட்டாக வந்தபோது அது 3 நிமிஷத்துக்கும் குறைவு. 1969 பிப்ரவரி 27 அன்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் வாசிக்கப்பட்டு 'லைவ்/டெட்' தட்டில் சேர்ந்தது 23 நிமிஷம். முன்னதை மூலம் என்றும் பின்னதைப் பாடபேதம் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கே மூலமே இல்லை. பாடபேதங்கள் மட்டுமே உண்டு. கார்ஸியாவின் கிதார் ஒரு வழியில் போக, ஃபில் லெஷ்ஷின் பாஸ் அதற்கு அடியில் பணிந்து கிடக்காமல் எதிர்வாதம் செய்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாது. பல இரவுகளில் தப்பாகவும் விழுந்தது. நாடாக்கள் அதையும் மறைக்கவில்லை.

ஆரம்பத்தில் இப்பதிவுகள் பெரும்பாலும் திருட்டுத்தனமாக நடந்தவை. குழு அதைக் கண்டும் காணாமல் இருந்தது. பிறகு, 1984 அக்டோபரில் பெர்க்லியில், ஒலிக்கலவை மேஜைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே இடம் ஒதுக்கப்பட்டது. இதை வெறும் தாராள மனசு என்று கொண்டாட வேண்டாம். மேஜைக்கு முன்னால் காடாக வளர்ந்த மைக் கம்பங்கள் ஒலிப்பதிவாளர்களுக்கே மேடையை மறைத்தன. ஆனால் ரசிகர்கள் தமக்குள் விதித்துக்கொண்ட சட்டம் தாராளமானது: நாடாவை விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முகமறியாத ஒருவர் பிரதி எடுத்து அனுப்புவார். பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறும். எத்தனையாவது பிரதி என்பதைக் கேசட் அட்டையில் குறித்து வைப்பார்கள். ஏடு பெயர்த்து எழுதியவர்களின் நேர்மை அது.

1977 மே 8. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். வெளியே மே மாதத்தில் பனி பெய்திருக்கிறது. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்ட்டர் அன்று மேஜையிலிருந்து நேரடியாக எடுத்த நாடா மிகத் துல்லியமானது. அவருடைய நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, 1986-இல் ஏலம் போயின. வாங்கியவர்கள் வழியே அவை ரசிகர்களிடம் பரவின. 'இதுவே ஆகச் சிறந்த இரவு' என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்தது. அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தனது தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2012-இல் இதைச் சேர்த்தது. 2017-இல் முறையான வெளியீடும் வந்தது.

என் தயக்கம் இங்கேதான். சிறந்த இரவு என்பதால் அந்த நாடா பரவியதா, நல்ல நாடா கிடைத்ததால் அது சிறந்த இரவாயிற்றா? சுமாரான மைக்கில், இருமலுக்கும் கூச்சலுக்கும் நடுவே பதிவான எத்தனையோ இரவுகள் இதே உக்கிரத்தோடு இருந்திருக்கலாம். எது தப்பிப் பிழைத்ததோ அதையே சிறந்ததென்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இலக்கியத்தில் இந்தப் பழக்கம் இல்லையென்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

1989-இல் நண்பர் ஒருவர் தந்த கேசட்டில்தான் நான் இதை முதலில் கேட்டேன். எத்தனையாவது பிரதியோ, மழை பெய்வது போல ஓர் இரைச்சல். 'நாட் ஃபேட் அவே' நடுவில் முதல் பக்கம் பட்டென்று அறுந்தது. திருப்பிப் போட்டால் பாட்டு வேறெங்கோ போயிருந்தது. அந்த விடுபட்ட இடத்தை வருஷக்கணக்காக நானே வாசித்து நிரப்பிக்கொண்டிருந்தேன். 2017-இல் முழுசாகக் கேட்டபோது அங்கே இருந்தது நல்ல, ஆனால் எளிய ஒரு தாள ஓட்டம். ஏமாற்றமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. நான் நேசித்ததில் பாதி என் சொந்தச் சரக்கு.

2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொதுச் சேமிப்பகத்திலிருந்து, மேஜைப் பதிவுகளைப் பிரதி எடுக்கும் வசதி குழுவின் தரப்பில் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். லெஷ்ஷே அந்த முடிவை ஏற்கவில்லை. ரசிகர்கள் எடுத்த பதிவுகள் சில நாளில் திரும்பி வந்தன. மேஜைப் பதிவுகளைக் கேட்கலாம், எடுத்துக்கொள்ள முடியாது என்றாயிற்று. சட்டப்படி குழுவின் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் 30 வருஷம் பிரதி எடுத்துப் பிழைக்க வைத்தவர்களுக்குச் சொத்தில் பங்கு இல்லையென்றாலும் சரித்திரத்தில் உண்டு.

அந்தக் கேசட்டை நான் இன்னும் எறியவில்லை. அறுந்த இடம் அப்படியே இருக்கிறது.