வளவில் விழும் மழை வளவுக்கே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கற் பாறைக்குள், உப்புநீரின் மேல் வில்லைபோல் மிதக்கும் நன்னீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அதை நிரப்புவது மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது.

மீள்குடியேறிய ஊர்களில் நான் காண்பது இதுதான்: கல்வீட்டோடு மதிலும் எழுகிறது, முற்றம் கொங்கிரீட் ஆகிறது. முன்பு வேலிக்குக் கீழால் ஓடி மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர், இப்போது ஒழுங்கையில் தேங்கிப் பள்ளக்காணிக்காரரின் வீட்டுக்குள் போகிறது. கோடையில் அதே ஊரில் கிணறு வற்றுகிறது.

இந்திய வீட்டுத்திட்ட வீடொன்றின் பரப்பு 550 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். அவ்வளவு கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். பீலி பூட்டி, முதல் மழையைக் கழித்து, மிகுதியைத் தொட்டியில் சேர்க்கலாம். தொட்டி நிரம்பி வழிவதை, கல்லும் மணலும் நிரப்பிய குழிக்கு விடலாம். முற்றத்தை மண்ணாகவே விடுங்கள். மதிலின் அடியில் நீர்வழி வையுங்கள்.

ஒன்றில் கவனம் தேவை. சுண்ணக்கல் வெடிப்புகளால் அழுக்கும் விரைவாக இறங்கும். ஆகவே அந்தக் குழி மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எட்ட இருக்க வேண்டும். ஒழுங்கை வெள்ளத்தைக் கிணற்றுக்குள் விடவே கூடாது.

நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பல குளங்களும் வாய்க்கால்களும் தூர்ந்துவிட்டன. அவற்றை நிரவிக் காணி பிரிக்கும் முன், தண்ணீர் எந்த வழியால் போகும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.