இரண்டு விடியல்கள்

கொமரலிங்கத்துல இருந்து மாமா கூப்பிட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவர். மகளுக்குப் பெர்த்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "கொழும்புல இருந்து எத்தனை மணி நேரம் மாப்ள?"

நேர்கோட்டில் சுமார் 5,700 கிலோமீட்டர். ஜெட் மணிக்கு 850 போகும் என்று வைத்தால் ஏழு மணி நேரம். தூரத்தை வேகத்தால வகுத்தா முடிஞ்சுதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். 1943ல் இதே கடலைத் தாண்டியவர்களைப் பற்றிப் படித்தபிறகு அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

1938லேயே இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு, சிங்கப்பூர் வழியாக, கடல்விமானத்தில் பத்து நாளுக்குள் போய்விடலாம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. பாதை அறுந்தது. அரசுக்கும் ராணுவத்துக்கும் தபால் போயாக வேண்டும். மிச்சமிருந்த ஒரே வழி, பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு, நடுவில் எங்கும் நிற்காமல் பறப்பது.

குவாண்டாஸ் நிறுவனத்திடம் ஐந்து கேட்டலினா கடல்விமானங்கள் தரப்பட்டன. அசல் ஆமை. இந்தத் தூரத்துக்கு 27 முதல் 33 மணி நேரம், அதாவது மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். நம்ம ஊர் ரோட்டுல கார்க்காரன் விரட்டுறதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு நேரம் காற்றில் நிற்கக்கூடிய விமானம் அது. கூடுதல் டாங்கிகளில் எரிபொருளை நிரப்பியபிறகு மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம். 69 கிலோ என்றால் திருப்பூர் கணக்கில் மூணு நாலு அட்டைப் பெட்டி பனியன். மாமாவிடம் சொன்னேன். கிலோவுக்கு என்ன ரேட் போட்டிருப்பாங்க என்று கேட்டார்.

ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கவேண்டும். அதனால் புறப்படும் நேரத்தை முடிவு செய்தது ராத்திரிதான். ரேடியோவில் பேசக்கூடாது, நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கவேண்டும். விமானங்களுக்கே ரிகல், வேகா, அல்டேர், ஸ்பிகா, அன்டாரெஸ் என்று நட்சத்திரப் பெயர்கள். புறப்பட்ட முதல் பல மணி நேரம் எரிபொருள் பாரம் அதிகம். ஒரு இன்ஜின் நின்றால் மற்றொன்றால் தாங்கமுடியாது. கீழே வெறும் தண்ணீர்.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்ததால், பயணிகளுக்கு 'இரட்டை விடியலின் ரகசியச் சங்கம்' என்ற பெயரில் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் அதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நடுங்கிப்போனவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டுமே.

1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. 1944லேயே லிபரேட்டர் விமானங்கள் வந்து பயணத்தை ஏறக்குறைய 17 மணி நேரமாகக் குறைத்திருந்தன. அதில் போனவர்களுக்கு இரண்டாவது விடியல் கிடையாது.

கேட்டலினாக்கள் அமெரிக்கக் கடன்-குத்தகைத் திட்டத்தில் வந்தவை. போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், அல்லது காசு கொடுக்கவேண்டும், அல்லது அழிக்கவேண்டும். ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரையோரக் கடலில் மூழ்கடித்தார்கள்.