முதுகை அளக்காத சேணம்

குதிரை வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்கு அழைத்தால் பல்லைப் பார்ப்பதற்கு முன் தோள்மேட்டைத் தடவிப் பார்ப்பேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரு தோள்களுக்கும் நடுவே எழும்பி நிற்கும் மேடு அது. கறுப்புக் குதிரையிலும் செவலையிலும் அந்த இடத்தில் சில சமயம் காசளவு வெள்ளை மயிர் தெரியும். பிறவிப் புள்ளி என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலும் அப்படி இருக்காது. எப்போதோ பொருந்தாத சேணம் அழுத்தி, ரத்த ஓட்டம் தடைபட்டு, மயிருக்கு நிறம் தரும் செல்கள் செத்துப்போன இடம். புண் ஆறிவிடும், நிறம் திரும்பாது.

குதிரை வைத்தியமே என் பிழைப்பு. அந்த வெள்ளைத் தடம் ஏன் வந்தது என்று பழைய நூல்களில் தேடப்போனால், ராணுவத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சொந்தக் குதிரை வைத்திருப்பவன் அதன் முதுகுக்கேற்ப ஒரு சேணம் தைத்துக்கொள்ளலாம். ராணுவமோ ஒரே வார்ப்பில் ஆயிரக்கணக்கில் செய்து, கிடைத்த குதிரையின் மேல் போடும்.

அமெரிக்கக் குதிரைப்படை 1859இல் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணம் நல்ல உதாரணம். ஜார்ஜ் மெக்லெல்லன் என்ற அதிகாரி கிரிமியப் போரை ஒட்டி ஐரோப்பியப் படைகளைப் பார்த்துவிட்டு வந்து உருவாக்கியது. இருக்கையின் நடுவே நீளமாக ஒரு திறப்பு. முதுகெலும்பின் மேல் எதுவும் படாது, காற்றும் போகும். அருமையான யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்தில் அதை மூன்று அளவுகளில் செய்தபோது, அந்த அளவுகள் மாறியது இருக்கையின் நீளத்தில், அதாவது சிப்பாய்க்காக. குதிரையின் முதுகு அகலமா, ஒடுக்கமா என்று எவரும் அளக்கவில்லை. புறப்படும்போது கொழுகொழுவென்று இருந்த குதிரை, தீனி குறைந்த படையெடுப்பில் சில வாரங்களில் வற்றிவிடும். அப்போது அதே சேணம் கீழே இறங்கி எலும்பில் உட்காரும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இதை விடாமல் பேசியவர் கால்நடை மருத்துவர் ஃபிரடெரிக் ஸ்மித். சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றி அவர் எழுதிய கையேடு 1891இல் வந்தது. ராணுவம் அதைச் சரியாகப் படித்திருந்தால் அடுத்த பத்தாண்டு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்தது. பிரிட்டனிடம் குதிரை போதவில்லை. அர்ஜென்டினா, ஹங்கேரி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கிக் கப்பலேற்றினார்கள். குதிரையைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது புதிய பழக்கமல்ல. மசூலா படகுகளும் கட்டுமரங்களும் சூழ ஆஸ்திரேலியக் குதிரைகளை மதராஸ் கரையில் இறக்கும் காட்சியை ஜே. பி. ஈஸ்ட் என்பவர் 1834லேயே வரைந்திருக்கிறார். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு ‘வேலர்’ என்று பெயர். மதராஸ் படையில் அவை நெடுங்காலம் உழைத்தன.

தென்னாப்பிரிக்காவில் இறங்கிய குதிரைகளுக்கோ இளைப்பாற நேரமே கிடைக்கவில்லை. கப்பலிலிருந்து ரயில், ரயிலிலிருந்து போர்முனை. ஒவ்வொரு நாட்டுக் குதிரைக்கும் ஒரு முதுகு: ஒன்றுக்கு உயர்ந்த தோள்மேடு, இன்னொன்றுக்குப் பீப்பாய் மாதிரி உருண்ட விலா. எல்லாவற்றின் மேலும் கிட்டத்தட்ட ஒரே வடிவச் சேணம். ஆளும் ஆயுதமும் மூட்டையும் சேர்ந்து சுமார் 125 கிலோ. போதாததற்குச் சவாரி தேவையில்லாத நேரத்திலும் சிப்பாய்கள் இறங்குவதில்லை. 1900 பிப்ரவரியில் ஃபிரெஞ்ச் என்ற பிரிட்டிஷ் ஜெனரல் கிம்பர்லி நகரை மீட்க விரைந்த ஓட்டத்தில் அவருடைய படையின் குதிரைகள் பெருமளவு நாசமாயின. 1902இல் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டிருந்தன. குண்டுபட்டுச் செத்தவை கொஞ்சம்தான். பசி, களைப்பு, நோய் இவைதான் கொன்றன. முதுகில் புண்ணோடு நடந்த குதிரை இவை எல்லாவற்றுக்கும் சீக்கிரம் இரையாகும். அந்தக் குதிரைகளுக்காகப் போர்ட் எலிசபெத்தில் 1905இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஒரு சிப்பாய் மண்டியிட்டுக் குதிரைக்கு வாளியில் தண்ணீர் காட்டுகிறான்.

1912இல் பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்த சேணத்தை அந்த இழப்புக்குக் கிடைத்த பதிலாகவே பார்க்கிறேன். முன்னும் பின்னும் எஃகு வளைவு. அதில் மாட்டிய பக்கப் பலகைகள் கீல் போட்டதுபோல் அசையும். அகன்ற முதுகில் விரியும், ஒடுங்கிய முதுகில் குறுகும். அடியில் மடித்த கம்பளம். குதிரை மெலிந்தால் மடிப்பைக் கூட்டலாம், தோள்மேட்டில் பட்டால் நடுவே பள்ளம் விழும்படி மடிக்கலாம். குதிரை மாறும், சேணமும் கூடவே மாறவேண்டும் என்பதை உலோகத்திலேயே செய்துகாட்டிய வேலை அது. சிப்பாய்க்கும் ஒரு பாடம் கிடைத்தது: இறங்கி நட, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு போ.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியபோது இதன் பலன் தெரிந்தது. பெல்ஜியத்தில் அலைந்த பிரெஞ்சு ஜெனரல் சோர்தேயின் குதிரைப்படையில் சிப்பாய்கள் இறங்குவதே அரிது. அந்தக் குதிரைகளின் முதுகுப் புண் நாற்றம் தூரத்திலேயே வந்ததாகப் பிரிட்டிஷ்காரர்கள் எழுதிவைத்தார்கள். பக்கத்தில் பிரிட்டிஷ் படை முடிந்தபோதெல்லாம் இறங்கி நடந்துகொண்டிருந்தது.

இன்று கேளிக்கைக்கும் போட்டிக்கும் சவாரி செய்கிறவர்கள் கடையில் சேணத்தின் மேல் உட்கார்ந்து பார்த்து வாங்குகிறார்கள். தொடைக்கு இடம் இருக்கிறதா, அங்கவடி சரியாகத் தொங்குகிறதா என்று பார்ப்பது அவசியம்தான். இருக்கை பின்னால் சாய்ந்தால் ஆளின் கனம் முழுவதும் குதிரையின் இடுப்புக்குப் போய்விடும். ஆனால் அதற்கு முன் வெறும் முதுகில், துணி எதுவும் போடாமல், சேணத்தை வைத்துப் பார்க்கச் சொல்வேன். முன்கால் நீளும்போது தோள் எலும்பு பின்னுக்கு வரும். அதற்கு வழிவிட்டுச் சேணம் பின்னால் உட்கார வேண்டும், கடைசி விலாவைத் தாண்டவும் கூடாது. முதுகெலும்பின் மேல் வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் அடிப்பக்க மெத்தைக்குக் கீழே கையை விட்டு முன்னிருந்து பின்வரை ஓட்டினால் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் கை தளர்வாகப் போனால் இரண்டு முனைகளில் மட்டும் கனம் இறங்குகிறது என்று அர்த்தம்.

பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள். முதுகெல்லாம் வியர்த்திருக்க, மெத்தை படிந்த இடத்தில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்து கிடந்தால் அந்தச் சேணத்தை மறுபடி போட வேண்டாம். அழுத்தம் வியர்வையையே அடைத்திருக்கிறது. சரியாக உட்காரும் சேணமும் அப்படியே நிற்காது. மெத்தைக்குள் அடைத்த கம்பளி சில மாதங்களில் அமுங்கும், குதிரையும் வேலை பழகப் பழகச் சதை போடும். சேணம் தைப்பவரை லாயத்துக்கே வரவழைத்து, குதிரையை நிறுத்திவைத்துக் கம்பளியைத் திருத்தச் சொல்லுங்கள்.