சின்னமலையும் பரங்கிமலையும்

பாறையைக் குடைந்து கோயில் எடுப்பது தமிழ் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. கோலார் தங்கவயலிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நம்மவர் சோளிங்கர் நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். அந்நிலையத்திற்குச் சில மைல் தொலைவில் மகேந்திரவாடி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தனித்து நின்ற ஒரே பாறையைக் குடைந்து, மகேந்திரவர்ம பல்லவன் திருமாலுக்கு ஒரு கோயில் அமைத்தான். தன் பெயரையே அதற்கு இட்டான். தெற்கே கழுகுமலையில் உள்ள வெட்டுவான் கோயிலோ உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டு, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது.

கிறிஸ்தவ உலகிலும் இக்கலை உண்டு. எத்தியோப்பியாவில் லாலிபெலா என்னும் ஊரில் 11 ஆலயங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டுள்ளன. தரைமட்டத்தில் நிற்பவன் கோயிலின் கூரையைத்தான் முதலில் காண்பான். பள்ளத்தில் இறங்கினால்தான் வாயிலை அடையலாம். அவற்றுள் புனித ஜார்ஜ் ஆலயம் சிலுவை வடிவினது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் வேலை என்று பொதுவாகக் கூறுவர்.

நம் நாட்டில் அத்தகைய பெருவேலை கிறிஸ்தவர்களால் செய்யப்படவில்லை. மும்பையில் வாழும் தமிழ் அன்பர்கள் போரிவலியில் உள்ள மண்டபேசுவரர் குகையைச் சுட்டிக் காட்டக்கூடும். அது ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய சைவக் குடைவரை. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேசியர் அதைக் கைக்கொண்டு தேவாலயமாக்கினர். மேலே ஒரு கட்டடமும் எழுப்பினர். இன்று அக்கட்டடம் இடிந்து கிடக்க, கீழே சிவவழிபாடு மீண்டும் நடக்கிறது. ஆனால் அது பிறர் குடைந்த குகை. பாறையோடு தொடக்கத்திலிருந்தே கிறிஸ்தவ ஐதிகம் பிணைந்துள்ள இடங்களைத் தேடினால், சென்னை நகரத்தின் தென்பகுதியில் உள்ள இரண்டு குன்றுகளுக்குத்தான் நாம் போகவேண்டும். ஒன்று சின்னமலை, மற்றொன்று பரங்கிமலை.

தங்கவயல் மக்களை இப்பயணத்திற்கு நாம் குறிப்பாக அழைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லில் ஒரு தழும்பு இருந்தால் அது இயற்கையாய் வந்ததா, உளி பட்டு வந்ததா என்று பார்க்கும் கண், நூறாண்டுக்கு மேலாகப் பாறையோடு போராடிய குடும்பங்களுக்கு இருக்கும். நம்முடைய வழிகாட்டிகள் ஆயிரம் சொல்லலாம். அந்தக் கண்ணை அவர்கள் தரமுடியாது.

மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குச் செல்லும் கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் பலரைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பாதை அதுவே. பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னை சேரலாம். சென்னையில் இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. சின்னமலை என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

அடையாற்றின் தென்கரையில், சைதாப்பேட்டைக்கு எதிரே, வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஒரு பாறைமேடு. அதுதான் சின்னமலை. வெளியூர் அன்பர்கள் பெரிய மலையை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாந்து போவார்கள். இயேசுநாதரின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான தோமையார், கி.பி. 52இல் மலையாளக் கரையில் இறங்கி, பின்னர் மயிலாப்பூருக்கு வந்து, பகைவர்க்கு அஞ்சி இக்குகையில் மறைந்து வாழ்ந்தார் என்பது ஐதிகம். குகை வாயில் குறுகியது, குனிந்துதான் புகவேண்டும். உள்ளே பாறையில் ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியாகவே அவர் தப்பிப் பரங்கிமலைக்கு ஓடினார் என்பர். அவர் கை பதிந்த சுவடு என்று பாறையில் ஒரு பள்ளத்தைக் காட்டுவர். பாறையில் பொறித்த சிலுவையும் உண்டு. தாகத்தால் வருந்திய மக்களுக்காக அவர் கோலால் தட்டிப் பெருகச் செய்த ஊற்று என்று ஒரு சுனையும் இருக்கிறது. போர்த்துகேசியர் 1551இல் இங்கே ஒரு சிறு கோயில் கட்டினர். அருகில் நிற்கும் பெரிய வட்டக் கோயில் 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். குகை மனிதன் குடைந்த மண்டபம் அன்று. தூணில்லை, உத்தரமில்லை, செதுக்கிய சுவரில்லை. பாறைகளுக்கு இடையே அமைந்த இடுக்கிலே மனிதன் தன் பக்தியைக் குடிவைத்தான் என்பதே பொருத்தம். சுனையைப் பற்றியும் தங்கவயலாருக்கு விளக்கவேண்டியதில்லை. எவ்வளவு கெட்டியான கல்லாயினும் பிளவு ஒன்று இருந்தால் அதன் வழியே நீர் கசியும். சுரங்கத்திற்குள் அந்நீரை இரவு பகலாக இறைத்தவர்கள் அவர்கள். இதைச் சொல்வதால் நாம் எவருடைய நம்பிக்கையையும் குறைத்தவர்கள் ஆகமாட்டோம். முழந்தாளிட்டு நிற்கும் தாயார் கல்லியலைக் கேட்க வரவில்லை. ஆனால் சரித்திரம் கேட்க வந்த நாம், கல் எதைச் சொல்கிறது, மக்கள் எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் தனித்தனியே காதில் வாங்கிக்கொள்வது நல்லது.

சின்னமலைக்கருகே அடையாற்றைக் கடக்கும் பாலம் இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்த இடத்தில் முதன்முதலாகப் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர், ஆண்டு 1726. பரங்கிமலை உச்சிக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. பாரசீக நாட்டு ஜுல்பாவிலிருந்து வந்த வணிகர் குடியினர் அவர். மலையாளமோ தமிழோ தாய்மொழியல்லாத ஒருவர், யாத்திரிகர் கால் நனையாமல் ஆற்றைக் கடக்கவும், முழங்கால் நோகாமல் மலையேறவும் தம் பொருளைச் செலவிட்டார். பாரசீகத்திற்கும் இந்தக் குன்றுகளுக்கும் உள்ள உறவு அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது என்பதை மேலே சென்றால் காண்போம்.

ஆலந்தூரில் வண்டி மாறிப் பரங்கிமலை சேர்வோம். குன்றின் உயரம் ஏறத்தாழ 300 அடி. வாகனம் செல்லும் பாதையும் உண்டு. நாம் உஸ்கானின் படிகளையே விரும்புகிறோம். தோமையார் இங்கேதான் கொலையுண்டார் என்பது ஐதிகம். உச்சியில் உள்ள மாதா கோயில் போர்த்துகேசியர் எழுப்பியது. 1547இல் அங்கே கட்டட வேலைக்காகத் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய ஒரு கல் வெளிப்பட்டது. அதைப் பலிபீடத்தின் பின்சுவரில் பதித்தார்கள். 1558ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பூசையின்போது இக்கல்லில் இரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை இது பலமுறை நிகழ்ந்தது என்றும் கோயில் வரலாறு கூறும்.

தோமையாரே தம் கையால் செதுக்கிய சிலுவை என்று இதை மக்கள் போற்றுகின்றனர். கல்லை உற்றுப் பார்ப்போம். சிலுவையின் முனைகள் மொட்டுப்போல் விரிந்துள்ளன. மேலே ஒரு புறா இறங்குகிறது. இருபுறமும் தூண்கள், தூண்களின் மேல் மகரங்கள், அவற்றின் வாயிலிருந்து வளைவு கிளம்புகிறது. நம் கோயில் வாயில்களில் காணும் மகர தோரணமேயன்றி வேறென்ன இது? நம் நாட்டுச் சிற்ப மரபில் பழகிய கையின் வேலை இங்கே தெரிகிறது. ஆனால் வளைவைச் சுற்றி ஓடும் எழுத்து தமிழும் அன்று, வடமொழியும் அன்று, போர்த்துகேசிய மொழியும் அன்று. அது பாரசீக நாட்டின் பழைய எழுத்தான பஹ்லவி.

தமிழகத்துக் கல்வெட்டாராய்ச்சிக்குப் பெருந்தொண்டு செய்த பர்னெல் 1873இல் இதைப்பற்றி எழுதினார். அதன்பின் பலர் பலவாறு படித்தனர். 1920களின் இறுதியில் வின்க்வொர்த் என்பார் கூறிய வாசிப்பு பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதன்படி, சஹார்புக்த் மகன் அஃப்ராஸ் என்னும் சிரியன் ஒருவன், தன்மீது இரங்குமாறு கிறிஸ்துவை வேண்டுகிறான்; இதை வெட்டியவன் தானே என்றும் சொல்லிக்கொள்கிறான். கடைசிச் சொல்லை வேறுவகையாய்ப் படிப்பவரும் உளர். எழுத்தின் அமைதியைக் கொண்டு காலம் ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் என்று கணிக்கின்றனர். ஆகவே கல் தோமையாரின் காலத்தது அன்று. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளாவது பிற்பட்டது.

இதனால் மலையின் பெருமை குறைந்துவிட்டதா? குறையவில்லை என்பதே நம் கருத்து. பல்லவர் ஆண்ட காலத்தில் மயிலாப்பூரை ஒட்டிய இக்கரையில் பாரசீகக் கிறிஸ்தவர் வழிபட்டு வாழ்ந்தனர் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. கோட்டயம் வலியபள்ளியிலும் முட்டுச்சிறையிலும் இதே வாசகம் கொண்ட சிலுவைகள் உள்ளன. இலங்கையின் அநுராதபுரத்தில் 1912இல் எழுத்தில்லாத ஒரு சிலுவைக்கல் கிடைத்தது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849இல் அய்யனடிகள் திருவடிகள் அளித்த செப்பேட்டில், சாட்சியிட்டவர் சிலர் பஹ்லவி எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். கடல் வாணிகம் செய்தவர் தம் இறைவனையும் உடன் கொண்டுவந்தனர். உள்ளூர் மன்னர் அவர்க்கு இடம் கொடுத்தனர். உள்ளூர்ச் சிற்ப மரபு அவர்க்கு மகரம் கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, தோமையாரின் கல்லறை இக்கரையில் இருப்பதாகவும், கிறிஸ்தவரும் சாரசீனரும் அங்கே யாத்திரை வருவதாகவும் எழுதினார். தோமையார் தாமே வந்தாரா என்ற வினாவுக்குக் கல் விடை சொல்லவில்லை. அவர் வந்தார் என்று நம்பிய மக்கள் எத்தனை பழமையானவர் என்பதற்கே அது விடை சொல்கிறது.

மலையின் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் அங்குள்ள புனித யோவான் கோயிலில் ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பார்த்திருப்பார்கள். அக்கல்லறைப் பலகை இந்தப் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல்லே. 1893இல் ஹாலந்து என்னும் நிலநூலறிஞர் அக்கல்லை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் பெயர் அது. தங்கவயலில் பொன் தாங்கிய வெண்கற் படிகங்கள் ஓடுவது வேறு இனமான கரும்பாறையில். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தவர் குழம்பமாட்டார்.

உச்சியிலிருந்து தெற்கே நோக்கினால், வீடுகள் நிறைந்த சமவெளி தெரியும். 1802இல் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி, இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் பெருமுயற்சிக்கு அடிக்கோட்டை அளந்தது இங்கேதான். அதே 1802இல், அவருடைய அளவைப் பணியோடு தொடர்புடைய ஜான் வாரன் என்பவர், மைசூரின் கிழக்கெல்லையை அளந்துகொண்டிருக்கும்போது, பொன் கிடைப்பதாக ஒரு வதந்தி கேட்டார். ஊரிகத்திலும் மாரிகுப்பத்திலும் போய்ப் பார்த்தார். அங்கே ஏழை மக்கள் குழிகளில் இறங்கிக் கல்லைக் கூடையில் ஏற்றி அனுப்ப, பெண்கள் அதை இடித்துக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அக்குறிப்பைப் படித்தே லாவெல் 1870களில் உரிமம் கேட்டார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது.

அதன்பின் நடந்தது நேயர்கள் அறிந்ததே. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. ஏறத்தாழ 800 டன் பொன் மேலே வந்தது. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அங்கே வழங்கிய பாறை வெடிப்பில் மடிந்தவர் பலர். ஞாயிறன்று மாதா கோயிலுக்கும், மாரியம்மனுக்கும், பண்டித அயோத்திதாசர் வழிவந்த பௌத்த சங்கத்திற்கும் சென்றவர்கள் திங்களன்று ஒரே கூண்டில் ஏறிக் கீழே இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைப்பது நின்றது. குடைந்த வழிகளில் நீர் ஏறியது. லாலிபெலாவையும் மகேந்திரவாடியையும் விட எத்தனையோ மடங்கு பெரிய குடைவரை அது. அதைக் காண எவரும் யாத்திரை போகமுடியாது. அஃப்ராஸ் ஒரு கல்லில் தன் பெயரையும் தந்தை பெயரையும் எழுதிவைத்தான். தங்கவயலில் குடைந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை; அவர்கள் பெயர்கள் கூலிப் பதிவேட்டிலும், கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளிலுமே சிதறிக் கிடக்கின்றன. பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவர், விடுமுறைக்கு மாரிகுப்பம் போகும்போது அவற்றுள் தம் பாட்டனார் பெயரைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மழையும் வெயிலும் எழுத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன.

பரங்கிமலைக் கோயிலின் திருநாள் டிசம்பர் 18. அன்று கூட்டம் மிகுதி. சிலுவையின் எழுத்தைப் பார்க்க விரும்புவோர் வேறொரு நாள், பூசை இல்லாத நேரத்தில் செல்வது நல்லது. பலிபீடத்திற்குப் பின்னால் இருப்பதால் வெளிச்சம் குறைவு; சிறிது நேரம் நின்று கண் பழகிய பிறகே மகரமும் புறாவும் தெரியும்.