ஆற்காட்டு அதிர்ஷ்டம்

ஆற்காட்டில் எனக்கு ஒரு பழைய நண்பர் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே சமயத்தில் கதை எழுத ஆரம்பித்தவர்கள். மூன்று கதைகள் திரும்பி வந்ததும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தகப்பனாருடைய அரிசி மண்டிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு முப்பது கதைகள் திரும்பி வந்தன. நான் பேனாவை மூடவில்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்று நான் நெடுங்காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன்பு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் மண்டியைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைப் பாலாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். ஆற்றில் மணல் இருந்தது, தண்ணீர் இல்லை. கரையில் டில்லி கேட் என்னும் பழைய வாசல் நின்றது. ஒரு காலத்தில் கர்நாடக நவாபுகளின் தலைநகரமாக விளங்கிய ஊரின் கோட்டையில் கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருப்பது அநேகமாக அந்த வாசல்தான். அதன் மேலே ஓர் அறை. கிளைவ் தங்கிய அறை என்று சொல்லுவார்கள்.

அந்த நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது நண்பர் சொன்னார்: "உனக்கென்னப்பா, நீ அதிர்ஷ்டக்காரன்."

அவர் பொறாமையோடு சொல்லவில்லை. 'இன்றைக்கு வெயில் அதிகம்' என்பதுபோல இயல்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எத்தனை இரவுகள் கண் விழித்திருக்கிறேன்! எத்தனை பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்! அத்தனையையும் இந்த மனிதர் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாரே!

"அதிர்ஷ்டமாவது, மண்ணாவது!" என்றேன். "இதோ, உன் தலைக்கு மேலே இருக்கிறதே அறை, அதில் தங்கியிருந்தவனையும் உலகம் அதிர்ஷ்டக்காரன் என்றுதான் சொல்லிற்று. அவன் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு."

அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் வாசகர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

ராபர்ட் கிளைவ் 1725-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்னும் ஜில்லாவில் பிறந்தான். படிப்பில் நாட்டமில்லை, முரட்டுத்தனத்தில் குறைவில்லை. 'எங்கேயாவது தொலையட்டும்' என்று தகப்பனார் அவனைக் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்த்துக் கப்பலேற்றி அனுப்பினார். கப்பல் வழி தவறியதுபோல் பிரேசிலில் போய் ஒன்பது மாதம் கிடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கடலில் அலைந்துவிட்டு, 1744-ல் பையன் சென்னப்பட்டணத்துக் கரையில் இறங்கினான். கையில் காசில்லை. யாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தானோ அவர் அதற்குள் சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். வருஷச் சம்பளம் ஐந்து பவுன். துணி மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் வேலை.

அந்தத் தனிமையில் மனம் வெறுத்து, அவன் தன் தலைக்கே துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொள்ளப் பார்த்தான் என்றும், இரண்டு தடவையும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. 'ஏதோ பெரிய காரியத்துக்காகத்தான் நான் பிழைத்திருக்கிறேன்' என்று அவன் எண்ணிக்கொண்டானாம். அதிர்ஷ்டத்தின் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டும் சாட்சி இதுதான். ஆனால் அதே நாட்களில் அந்தக் குமாஸ்தாப் பையன், ஓய்ந்த வேளைகளில் கவர்னருடைய புத்தகசாலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான் என்பதையும் அவன் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கிக் கதை ஊரெல்லாம் பரவிற்று. புத்தகசாலைக் கதையை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. முயற்சியின் தலையெழுத்தே அப்படி!

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கிளைவ் இந்த நாட்டு உடை அணிந்து மாறுவேஷத்தில் தப்பி, கடலூருக்குப் பக்கத்திலிருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கேதான் குமாஸ்தா சிப்பாயானான்.

1751-ல் ஆங்கிலேயர்களின் நிலைமை மிகவும் மோசமாக இருந்தது. அவர்களுடைய நண்பரான முகம்மதலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு சந்தா சாகிப் வெளியே முற்றுகை போட்டிருந்தார். திருச்சி விழுந்தால் தென்னாட்டில் ஆங்கிலேயர் மூட்டை கட்டவேண்டியதுதான். அப்போது ஒரு யோசனை பிறந்தது. சந்தா சாகிப்பின் படை முழுவதும் திருச்சியில் இருக்கிறது. தலைநகரமான ஆற்காடு காலியாக இருக்கிறது. ஆற்காட்டில் கை வைத்தால் திருச்சியில் பிடி தளரும். இந்த யோசனை முதலில் தோன்றியது கிளைவுக்கா, அல்லது முகம்மதலிக்கா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் வழக்கு உண்டு. எப்படியிருந்தாலும், 'நான் போகிறேன்' என்று முன்வந்தவன் கிளைவ். சென்னைக் கவர்னர் சாண்டர்ஸ் கையிலிருந்ததை எல்லாம் வழித்துக் கொடுத்தார். 200 வெள்ளைக்காரர்கள், 300 இந்தியச் சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகள், எட்டு அதிகாரிகள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அதுவரை சண்டையையே பார்க்காதவர்கள்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் காஞ்சீபுரத்தைத் தாண்டிப் போகும்போது பெரும் புயல் பிடித்துக்கொண்டது. இடி, மின்னல், கொட்டும் மழை! சாதாரணப் படையாக இருந்தால் ஏதாவது சத்திரத்தில் ஒதுங்கியிருக்கும். கிளைவ் நிற்கவில்லை, படையும் நிற்கவில்லை. இதைக் கண்ட ஒற்றர்கள் ஆற்காட்டுக்கு ஓடினார்கள். 'இடி விழுந்தாலும் லட்சியம் செய்யாமல் வருகிறார்கள்' என்று சொன்னார்கள். கோட்டையில் 1,100 பேர் இருந்தார்கள். அவர்கள் இதைக் கெட்ட சகுனமாக எண்ணி, ஒரு வெடிகூட வெடிக்காமல் கோட்டையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்! கிளைவ் கடைத்தெரு வழியாகப் படையை நடத்திக்கொண்டு கோட்டைக்குள் நுழைந்தபோது, ஊர் ஜனங்கள் இருபுறமும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பார்த்தாயா, மழை பெய்தது அவன் அதிர்ஷ்டம்தானே?" என்றார் நண்பர்.

"மழை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத்தான் பெய்தது. ஒரு பக்கம் நடந்தது, ஒரு பக்கம் ஓடிற்று" என்றேன்.

கோட்டைக்குள் வந்த பிறகு கிளைவ் சும்மா இருக்கவில்லை. வியாபாரிகள் பத்திரத்துக்காகக் கோட்டையில் வைத்திருந்த ஏராளமான சரக்குகளில் ஒன்றையும் தொடாமல் உரியவர்களிடம் ஒப்படைத்தான். இதனால் ஊராரின் விரோதம் குறைந்தது. இடிந்த மதில்களைச் செப்பனிட்டான். அறுபது நாளுக்குத் தானியம் சேர்த்தான். ஓடிப்போனவர்கள் திமிரிப் பக்கத்தில் மறுபடியும் கூடியபோது, முற்றுகைக்காகக் காத்திராமல் தானே வெளியே போய்த் தாக்கினான். பிறகு, எதிர்பார்த்ததுபோலவே, திருச்சியிலிருந்து ஒரு படை பிரிந்து வந்தது. சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் அதற்குத் தலைவர். வேலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவர்களைச் சேர்த்துச் சுமார் பதினாயிரம் பேர் கோட்டையைச் சூழ்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் சண்டை போடக்கூடியவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். மதிலோ ஒரு மைலுக்கு மேற்பட்ட சுற்றளவு உள்ளது; அகழியில் பாதி வறண்டு கிடந்தது.

முற்றுகை ஐம்பது நாள் நடந்தது. லஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள், கிளைவ் வாங்கவில்லை. பயமுறுத்திப் பார்த்தார்கள்; அவன் சிரித்தான். உள்ளே தானியம் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் அந்தச் சோற்றுக் கதை நடந்ததாகச் சொல்லுவார்கள். சிப்பாய்கள் கிளைவிடம் வந்தார்களாம். 'வெள்ளைக்காரர்களுக்குச் சோறு வேண்டும். எங்களுக்குச் சோறு வடித்த கஞ்சித் தண்ணீர் போதும்' என்றார்களாம். மெக்காலே 1840-ல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியாக இந்தக் கதை உலகமெங்கும் பரவிற்று. இதை நம்பாத ஆசிரியர்களும் உண்டு. கஞ்சித் தண்ணீரைச் சந்தேகித்தாலும், அந்தச் சிப்பாய்கள் ஐம்பது நாளும் மதிலை விட்டு அகலவில்லை என்பதைச் சந்தேகிக்க முடியாது.

நான் இந்த இடத்துக்கு வந்ததும் நண்பர் வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தச் சிப்பாய்களின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"பெயர் தெரியாது."

"ஒருவன் பெயர்கூடவா?"

"முதலில் வந்து சொன்னவன் யார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மேலே சொல்லு" என்றார்.

நவம்பர் மாத நடுவில் மொகரம் நாளன்று கடைசித் தாக்குதல் நடந்தது. அது எப்போது, எப்படி வரும் என்று ஓர் ஒற்றன் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதால், கிளைவ் ஒவ்வொருவனையும் அவனவன் இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனான். விடியற்காலையில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவுகளின் மேல் ஏவினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட யானைகள் திரும்பி, ஏவியவர்களையே மிதித்துக்கொண்டு ஓடின. அகழியில் தெப்பம் விட்டு ஒரு கூட்டம் வந்தது. பீரங்கிக்காரர்கள் குறி தவறுவதைப் பார்த்துக் கிளைவே பீரங்கியைப் பிடித்துத் தெப்பத்தைச் சிதற அடித்தான். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலையில் வெளியே ஒருவரும் இல்லை. பீரங்கிகள் போட்டது போட்டபடி கிடந்தன. இருபத்தாறு வயதுக் குமாஸ்தாவின் பெயர் சீமை வரைக்கும் எட்டிற்று.

"அவன் முயற்சி எங்கே, அதிர்ஷ்டம் எங்கே என்று இப்போது சொல்லு" என்று வெற்றிக் களிப்போடு கேட்டேன்.

நண்பர் நிதானமாகப் பதில் சொன்னார்: "அவன் முயற்சி செய்யவில்லை என்று யார் சொன்னது? ஆனால் மழையில் நடந்தது அவன் ஒருவன்தானா? முந்நூறு சிப்பாய்களும் நடந்தார்கள். சோற்றைக் கொடுத்தவன் ஒருவன். இரவில் வந்து செய்தி சொன்னவன் ஒருவன். நீ கிளைவின் முயற்சியை மட்டும் முயற்சி என்கிறாய். மற்றவர்களுடைய முயற்சி அவன் கணக்கில் வரவு ஆகும்போது அதற்கு என்ன பெயர் வைப்பது? பெயர் தெரியாததனால் அதிர்ஷ்டம் என்கிறோம். நான் மண்டிக்காரன், வரவு ஒன்று இருந்தால் யாரோ ஒருவன் பற்று எழுதியிருக்கவேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பிளாசிக்குத் தாவினேன். ஆனால் பிளாசி என் கட்சிக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. 1757 ஜூன் 23-ல் சுமார் 3,000 பேரோடு கிளைவ், ஐம்பதாயிரம் பேர் கொண்ட வங்காள நவாபின் எதிரில் நின்றான். அந்த மூவாயிரத்தில் பெரும் பகுதி சிப்பாய்கள். சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். நடுப்பகலில் மழை வந்தது. ஆங்கிலேயர் தங்கள் வெடிமருந்தை மூடிவைத்தார்கள். நவாபின் மருந்து நனைந்து போயிற்று. இது முன்யோசனை. ஆனால் நவாபின் சேனாபதியான மீர் ஜாபர் படையோடு அசையாமல் நின்றானே, அது முன்யோசனையும் அல்ல, அதிர்ஷ்டமும் அல்ல. முன்பே பேசி முடித்த பேரம்! அந்தப் பேரத்துக்காக ஒரு போலி உடன்படிக்கையும், அதில் அட்மிரல் வாட்சனின் பொய்க் கையெழுத்தும் தயாரிக்கப்பட்டன. ஆற்காட்டில் லஞ்சத்தைத் தள்ளியவன், பிளாசிக்குப் பிறகு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பவுனைப் பரிசாக வாங்கிக்கொண்டான். 1773-ல் பார்லிமெண்டு அவனை நிறுத்திக் கேள்வி கேட்டது. மறு வருஷம் நவம்பரில், நாற்பத்தொன்பதாம் வயதில், லண்டன் வீட்டில் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டான் என்பது பெரும்பாலோர் கருத்து. பிறந்த ஊருக்குப் பக்கத்துக் கோயிலில் அவனைப் புதைத்தார்கள். புதைத்த இடத்தில் அடையாளக்கல் வைக்கவில்லை. ஆற்காட்டுச் சிப்பாய்களுக்கு இல்லாதது அவனுக்கும் இல்லாமற் போயிற்று.

இருட்டிவிட்டது. நண்பர் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வழியில் சாப்பிட ஒரு பொட்டலமும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ராணிப்பேட்டை தாண்டியதும் எனக்குத் திடீரென்று ஒரு ஞாபகம் வந்தது. என் கையெழுத்து பிரம்மாவுக்கும் புரியாது. முப்பது கதைகள் திரும்பி வந்ததற்குக் கதையின் தரம் மட்டும் காரணமல்ல. 'எழுத்து விளங்கவில்லை' என்று ஒரு பத்திரிகையிலிருந்து குறிப்பே வந்தது. முப்பத்தோராவது கதையை நண்பர் வாங்கிக்கொண்டு போனார். மண்டியை அடைத்த பிறகு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், நான்கு இரவுகள் உட்கார்ந்து முத்து முத்தாகப் பிரதி எடுத்தார். தபால் தலையும் அவரே ஒட்டினார். அந்தக் கதைதான் முதலில் அச்சேறியது. பத்திரிகையில் என் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகு பல கூட்டங்களில், பல பேட்டிகளில், 'விடாமுயற்சியால் முன்னுக்கு வந்தேன்' என்று சொல்லியிருக்கிறேன். பிரதி எடுத்தவரைப் பற்றி ஒரு தடவையும் சொன்னதில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, மறந்தே போய்விட்டேன். மறைத்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

டில்லி கேட்டின் நிழலில் அவ்வளவு நேரம் பேசியும், நண்பர் அந்த நான்கு இரவுகளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. 'நீ அதிர்ஷ்டக்காரன்' என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

முயற்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மழையைக் கண்டு கிளைவ் சத்திரத்தில் ஒதுங்கியிருந்தால், கஞ்சி குடிக்கத் தயாராக இருந்த சிப்பாயாலும் அவனுக்கு ஆற்காட்டைப் பிடித்துக் கொடுத்திருக்க முடியாது. முப்பதாவது கதையோடு நான் நிறுத்தியிருந்தால், நண்பருக்குப் பிரதி எடுக்க ஒன்றும் இருந்திராது. ஆனால் முன்னுக்கு வந்த ஒருவன், தன் அதிர்ஷ்டத்தை உரித்து உரித்துப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் யாரோ ஒருவருடைய முகம் இருக்கும். அந்த முகத்துக்கு ஒரு பெயரும் இருக்கும்.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு அனுப்பினேன். அவருடைய பெயரைப் போடலாமா என்று கேட்டும் எழுதியிருந்தேன். பெயர் வேண்டாம் என்று பதில் வந்தது. கட்டுரையும் கூடவே வந்தது. முழுவதையும் தம் கையாலேயே பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். நான் விட்டிருந்த இரண்டு எழுத்துப் பிழைகள் அதில் திருத்தப்பட்டிருந்தன.